வாழைப்பூ சமோசாவுக்கு வந்த புகார்கள்

பி.காம். முடித்து எம்.பி.ஏ. சேர்ந்த ஹிபாவுக்கு, இரண்டாம் செமஸ்டரில் பைத்தான் என்றொரு பாடம் வந்து சேர்ந்தது. வகுப்பில் ஒருவர்கூட அதற்கு முன் புரோகிராம் எழுதியதில்லை. பக்கத்து இருக்கை மதன்குமார் அன்னூர்க்காரன். முதல் வாரமே ஒரு வரியின் கடைசியில் முக்காற்புள்ளி வைக்க மறந்தான். திரை சிவப்புச் சிவப்பாகப் பிழை காட்டியது.

"ஏனுங்க, ரெண்டு புள்ளிக்கு இத்தன கோவமா? கொஞ்சம் மருவாதியா சொன்னா ஆகாதுங்களா?" என்று அவன் திரையைப் பார்த்தே கேட்டான். வகுப்பு சிரித்து ஓயவே நேரமாயிற்று.

செமஸ்டர் புராஜெக்ட்டுக்கு ஏதாவதொரு சிறு கடையின் வாடிக்கையாளர் கருத்துகளை அலச வேண்டும். ஹிபா தன் அம்மா கடையையே எடுத்துக்கொண்டாள். கோட்டைமேட்டில் ஹபீபுன்னிசாவின் வெங்காய சமோசாவுக்குப் பெயர் உண்டு. ஆனால் இரண்டு மாதமாக அவர் சொந்தமாக யோசித்து வாழைப்பூ சமோசாவும் போடுகிறார். ஒவ்வொரு பூவிலும் நரம்பை உருவி, மோரில் போட்டு, நறுக்கி, வதக்கி என்று பாதி நாள் அதற்கே போய்விடும். இத்தனை பாடுபட்டுச் செய்வது வாங்குகிறவர்களுக்குப் பிடிக்கிறதா என்பதுதான் தெரியவில்லை.

"நல்லால்லைன்னா இந்த ஊருல மூஞ்சிக்கு நேரா எவன் சொல்லுவான்? வாட்ஸப்புல வந்து கெடக்குது பாரு, அத உன் கம்ப்யூட்டர் படிச்சுச் சொல்லட்டும். வேண்டாம்னு வந்தா திங்கக்கெழமையோட நிறுத்திப்போடறேன்" என்றார் ஹபீபுன்னிசா.

வந்திருந்த செய்திகள் எல்லாம் தமிழ்தான், எழுத்து மட்டும் ஆங்கிலம். குறை சொல்பவர்கள் உப்பு இல்லை, காரம் இல்லை என்றுதானே எழுதுவார்கள்? அதனால் illa என்ற நான்கு எழுத்து இருந்தால் புகார், இல்லாவிட்டால் பாராட்டு என்று ஹிபாவும் அவளோடு சேர்ந்துகொண்ட மதனும் புரோகிராம் எழுதினார்கள். பிழையே இல்லாமல் ஓடியது. மதன் மேசையைத் தட்டிக் கொண்டாடினான்.

விடை வந்தது. முக்கால்வாசி புகார்.

ஹிபா உடனே அம்மாவுக்குப் போன் செய்து சொன்னாள். அந்தப் பக்கம் எண்ணெய் பொரியும் சத்தத்துக்கு நடுவே அம்மா பேசினார்.

"சரி விடு கண்ணு. பூக் கொண்டாறவர்கிட்ட இனி வேண்டாம்னு சொல்லிடறேன்."

போனை வைத்ததும் ஹிபாவுக்குக் கோபம் பொங்கியது. "அப்படி என்னதான் கொறையாம்? யாரு என்ன எழுதினாங்கன்னு பாக்கணும் மதன்."

எண்ணச் சொன்னார்களே தவிர, எண்ணியதை இருவரும் படித்துப் பார்க்கவில்லை. புகார் என்று பிரித்தவற்றை மட்டும் திரையில் காட்டும்படி ஒரு வரி சேர்த்தார்கள்.

paravaillanga.
paravaillaye akka!
romba paravailla, naalaikkum venum.

மதன் கண்ணைக் கசக்கிக்கொண்டான். "அட, இதெல்லாம் புகாருங்களா? எங்கூர்ல இதுக்கு மேல பாராட்டே கெடையாதே! நான் டிகிரி வாங்கினப்ப எங்கப்பன் 'பரவால்லையே'ன்னு ஒரு வார்த்த சொன்னாரு. அதுக்கே எங்கம்மா பாயசம் வெச்சுது."

ஹிபா விரலைத் திரையில் வைத்தாள். parava, அதன் வாலில் illa. கணிப்பொறி சொல்லைப் படிப்பதில்லை. கேட்ட நான்கு எழுத்தும் வரிசையாக எங்கே நிற்கின்றன என்று மட்டும் தேடும். அது தனிச் சொல்லா, வேறொரு சொல்லின் வாலா என்று அதற்குக் கவலையில்லை. தமிழ் எழுத்தில் எழுதியிருந்தால் 'இல்லை'யின் இ வேறு, 'பரவாயில்லை'யின் யி வேறு, மாட்டியிருக்காது.

திருத்தம் சின்னதுதான். முதலில் paravailla என்று இருப்பதைப் பாராட்டில் சேர்த்துவிட வேண்டும். மிச்சத்தில்தான் illa-வைத் தேட வேண்டும். வரிசை மாறினால் பழையபடி ஆகிவிடும்.

மறுபடி ஓட்டினார்கள். புகார்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கின. அத்தனையும் ஒரே புகார்: chutney illa.

ஹிபா வராந்தாவுக்கு ஓடிப் போன் செய்தாள். "அம்மா, பூக்காரருக்குச் சொல்லிட்டீங்களா?"

"ரெண்டு தடவ கூப்ட்டேன், எடுக்கல. ஏன்?"

"இனி கூப்பிடாதீங்க! எல்லாரும் பரவால்லைன்னு எழுதியிருக்காங்கம்மா. உங்க சமோசாவுல ஒரு கொறையும் இல்ல. எங்க புரோகிராம்லதான் கொறை. சட்னி மட்டும் கேக்கறாங்க."

"சட்னியா? அத மொதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன!" என்றார் ஹபீபுன்னிசா. குரல் திட்டியது, சிரிப்பும் கூடவே கேட்டது.

திங்கட்கிழமை மாலை மதன் கடைக்கு வந்தான். வாழைப்பூ சமோசா, பக்கத்தில் புதினாச் சட்னி. அவன் கடித்து முடிக்கும்வரை ஹபீபுன்னிசா கரண்டியும் கையுமாக நின்றார்.

"எப்படி தம்பி இருக்குது?"

இன்னொரு முறை குழப்பம் வேண்டாம் என்று மதன் நிதானமாக யோசித்துச் சொன்னான்: "நல்லா இருக்குங்கம்மா."

ஹபீபுன்னிசாவின் முகம் சுருங்கியது. மகள் பக்கம் திரும்பினார்.

"என்ன ஹிபா, உன் கூட்டாளி ஒரு பரவால்லைகூட சொல்ல மாட்டேங்கறான்?"