விபூதி மடித்த தாள்

கார்த்திகை மாதத்துத் திங்கட்கிழமை காலை ஏழே முக்கால் மணிக்கு எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். வீரபாகு ஆகிய நான். என் மனைவி ஜானகியம்மாள். மகன் குமரகுரு. மருமகள் பிரவீனா. தறிக்கூடத்தில் நூல் சுற்ற வரும் பழனியம்மாள். பழனியம்மாள் வாசற்படியில்தான் நின்றாள், உள்ளே வரவில்லை. ஆனால் பார்த்தாள். அதனால் அவளையும் சேர்க்கிறேன்.

குமாரபாளையத்தில் எங்கள் தறியில் நெய்த துண்டு ஒரு விரற்கடை அளவு குறைந்தது என்று எந்த வியாபாரியும் சொன்னதில்லை. சொன்ன சொல்லும் அப்படித்தான். பிரவீனாவை நிச்சயம் செய்தபோது அவள் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் கட்டடப் பொறியியலில் எம்.இ. படித்துக்கொண்டிருந்தாள். "படிப்பு பாதியில நின்னுராதுங்களே?" என்று அவளுடைய அப்பா சின்னுசாமி சபையில் கேட்டார். "எங்க ஊட்டுக்கு வந்து முடிப்பா. இது என் வார்த்தை" என்றேன். அதற்குப் பிறகுதான் வெற்றிலை பாக்கு மாற்றினோம்.

மற்ற பாடங்கள் எல்லாம் தேறிவிட்டாள். ஒன்று மட்டும் நின்றது. கன்டினுவம் மெக்கானிக்ஸ். இரண்டு முறை எழுதித் தவறினாள். மூன்றாம் முறை, நான் குறித்த கல்யாண முகூர்த்தமும் பரிட்சையும் ஒரே நாளில் விழுந்தன. முகூர்த்தத்தை நான் மாற்றவில்லை. பட்டம் வாங்குவதற்குக் கொடுத்த ஆண்டுகள் தீர்ந்து இந்தக் கார்த்திகைதான் கடைசி வாய்ப்பு என்று ஆனது. இதிலும் போனால் பட்டமே கிடையாது. தேறிய பாடங்களும் வீண்.

பாடப் புத்தகம் அறுநூறு பக்கம். கையில் இருந்தது பத்தொன்பது நாள். குமரகுரு ஈரோட்டில் ஒரு கைடு வாங்கி வந்தான். அறுபத்து நான்கு பக்கத்தில் அவ்வளவையும் சுருக்கி வைத்திருந்தார்கள்.

நான்காம் நாள் அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"இதுல 'ஆகவே'ங்கறதுக்கு 'ஹென்ஸ்', 'ஹென்ஸ்'னு போட்டுத் தாண்டித் தாண்டிப் போறாங்க, மாமா. ஒவ்வொரு 'ஹென்ஸ்'க்கு முன்னாடியும் நாலு பக்கம் இருக்கோணும். அதையக் காணோமுங்க."

"அப்படி என்ன பாடம் அது சாமி?"

"ஒரு பொருள அணு அணுவாப் பாக்காம, எடைவெளியே இல்லாத ஒண்ணா நெனச்சுக் கணக்குப் போடறதுங்க."

"எடைவெளி இல்லாத பாடத்துக்கு இத்தன ஓட்டையா ஒரு புஸ்தகம்!" என்றான் குமரகுரு. அவள் சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் மறுபடியும் கண்ணீர் வந்துவிட்டது.

தறிச் சத்தம் குறைவாகக் கேட்கும் என்று பாவு நூல் சுற்றிய உருளைகளை அடுக்கும் அறையில் உட்கார்ந்து படித்தாள். சோறு தட்டிலேயே காய்ந்தது. தலை வாரினால் சீப்பு நிறைய முடி. ஒரு நாள் கைடைச் சுவரில் வீசி எறிந்தாள்; உடனே ஓடிப்போய் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஜானகியம்மாள் என்னிடம் வந்து, "ஏனுங்க, புள்ள இந்தப் பரிட்சையில போச்சுன்னா தாங்க மாட்டாளுங்க" என்றாள். சபையில் நான் கொடுத்த வார்த்தை அந்த அறையில் கிடந்து அல்லாடியது. அதற்கு என்னால் ஒரு துரும்பையும் எடுத்துப் போட முடியவில்லை.

ஒரு பொருளுக்குள் ஒரு புள்ளியில் உள்ள இறுக்கத்தைச் சொல்ல ஒன்பது எண்கள் வேண்டுமாம். 'ஒன்பதில் ஆறு போதும்' என்று கைடு ஒரே வரியில் முடித்துவிட்டது. ஏன் என்று இல்லை. அந்த ஒரு வரியோடு இரண்டு நாள் மல்லுக்கட்டினாள். மூன்றாம் நாள் மத்தியானம் கையில் தீப்பெட்டியோடு ஓடி வந்தாள்.

"மாமா, இங்க பாருங்க. இதோட மேல்பக்கத்துல ஒரு விசை ஒரசி இழுக்குது. பக்கவாட்டுல இன்னொண்ணு ஒரசுது. ரெண்டும் சமமா இல்லீன்னா தீப்பெட்டி நின்ன எடத்துலயே சுத்த ஆரம்பிச்சிருமுங்க. சுத்தலைங்களே! அப்ப ரெண்டும் சமம். இப்படி மூணு ஜோடி. ஒம்பது ஆறாயிருச்சுங்க!"

எனக்கு விளங்கியது பாதிதான். ஆனால் அந்த முகத்தை அதற்கு முன் நான் எங்கள் வீட்டில் பார்த்ததில்லை. அன்றிலிருந்து விடுபட்ட பக்கங்களைத் தானே எழுதத் தொடங்கினாள். பரிட்சைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கைடை மூடி வைத்துவிட்டு, "இனி என் நோட்டே போதுங்க, மாமா" என்றாள்.

போதும் என்று அவள் சொன்ன கைடை நான் எடுத்துக்கொண்டு திருச்செங்கோட்டு மலைக்குப் போனேன். சன்னதியில் வைத்து வணங்கினேன். அர்ச்சகர் கை நிறைய விபூதி கொடுத்தார். மடிக்கத் தாள் இல்லை. கைடின் கடைசித் தாளைப் பார்த்தேன். பெரிய எழுத்தில் புத்தகங்களின் பெயரும் விலையும் வரிசையாக இருந்தன. விளம்பரம்தானே என்று கிழித்து மடித்தேன். கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. எடுத்துப் போட்டுக்கொள்ளவுமில்லை, தாளைத் திருப்பிப் பார்க்கவுமில்லை.

திங்கட்கிழமை காலை, முதலில் சொன்ன ஐந்து பேர் இருக்க, அவள் நெற்றியில் நானே விபூதி பூசினேன். பொட்டலத்தை மடித்து அவளுடைய ஹால் டிக்கெட் உறைக்குள் வைத்தேன்.

"மாமா, உள்ள எந்தத் தாளும் கொண்டு போகக் கூடாதுங்க."

"இது தாள் இல்ல. சாமி காரியம்."

"வெளிய பையில வெச்சுட்டுப் போறனுங்களே."

"நான் வெச்சத எடுக்கற பழக்கம் இந்த ஊட்டுல இல்ல" என்றேன்.

"வச்சுக்க கண்ணு, பெரியவிய சொல்றாங்கல்ல" என்றாள் வாசற்படியில் நின்ற பழனியம்மாள். பிரவீனா தலையசைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள்.

பதினொன்றே காலுக்குக் கல்லூரியிலிருந்து போன் வந்தது. பறக்கும் படை வந்திருக்கிறது. உறையை உதறியிருக்கிறார்கள். பொட்டலம் விழுந்து விபூதி கொட்டியிருக்கிறது. தாளின் மறுபக்கம் முழுக்கச் சூத்திரங்கள். 'கடைசி நேரப் பார்வைக்கு' என்று அறுபத்து நான்கு பக்கத்தையும் அந்த ஒரே பக்கத்தில் மறுபடி சுருக்கி அச்சடித்திருந்தார்களாம். விடைத்தாளைப் பிடுங்கி, கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிட்டார்கள்.

குமரகுரு, "தெரிஞ்ச ஆளுங்கள வெச்சுப் பேசிப் பாக்கலாமுங்கப்பா" என்றான். வேண்டாம் என்றேன். வியாழக்கிழமை விசாரணைக்கு நானே அவளோடு போனேன்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு நாற்காலி போடவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். தாளைக் கிழித்தது நான், மடித்தது நான், வேண்டாம் என்று அவள் சொல்லியும் வைத்தது நான். அப்போது இருந்தவர்கள் இன்னின்னார் என்று ஐந்து பேரையும் சொன்னேன்.

நடுவில் இருந்தவர் ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். பிரவீனாவின் கையெழுத்து. 'இந்தத் தாள் என்னுடையது' என்று மட்டும் எழுதியிருந்தாள்.

"உங்க பேரே இதுல இல்லீங்களே, ஐயா."

ஓரத்தில் இருந்த பேராசிரியை அவளைப் பார்த்து, "ஒன்பது ஏன் ஆறாகுதும்மா?" என்று கேட்டார். பிரவீனா மேசையில் இருந்த சாக்பீஸ் டப்பாவை எடுத்தாள். அன்று தீப்பெட்டியை வைத்து என்னிடம் சொன்னதை அந்த டப்பாவை வைத்துச் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. சொல்லி முடித்ததும் அந்த அம்மாள் டப்பாவை வாங்கி மேசையில் வைத்தார்.

"நல்லாப் புரிஞ்சிருக்கு. ஆனா தாள் கையில இருந்துச்சு. பாத்து எழுதினியா இல்லையான்னு விதி கேக்காதும்மா."

பரிட்சை ரத்து. அது கடைசி வாய்ப்பு என்பதால் பட்டமும் போயிற்று.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன். "ஏன் சாமி அன்னிக்கே என் பேரைச் சொல்லல?"

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சொல்லியிருந்தா உங்களக் கூப்பிட்டு நிக்க வெச்சிருப்பாங்க, மாமா. உங்களுக்கு யார் முன்னாடியும் நின்னு பழக்கமில்லீங்களே."

சங்ககிரி ரோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி ஒன்று வழியை அடைத்து நின்றது. கண்ணைத் துடைத்துக்கொள்ள எங்கள் இரண்டு பேருக்கும் நேரம் கிடைத்தது.

சின்னுசாமி வீட்டுக்குப் போய், சபையில் கொடுத்த வார்த்தை என்னால் தவறியது என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் தண்ணீர் கொடுத்தார்.

இப்போது ஊரில் ஒரு பேச்சு நடக்கிறது. டீக்கடையில் என் காதுபடவே சொல்கிறார்கள். பழனியம்மாள் கண்ணால் பார்த்ததைச் சொல்லியும் நம்ப ஆள் இல்லை. 'மருமக பிட்டு வெச்சு மாட்டிக்கிட்டா. மாமனார் ஊட்டு மானத்துக்காகப் பழியத் தன் தலையில போட்டுக்கிட்டார். என்ன பெரிய மனசு!' என்கிறார்கள். முன்பு கும்பிடாதவர்கள்கூட இப்போது என்னைப் பார்த்தால் கும்பிடுகிறார்கள்.

அது பொய். பிரவீனா பிட்டு வைக்கவில்லை. நான் யாருடைய பழியையும் ஏற்கவில்லை. அந்தத் தாளைக் கிழித்தவன் நான்.