பார்க்காமல் போவோம்

ராட்டின வீடியோ எதையும் பார்க்கக் கூடாது என்று கட்டளை போட்டுவிட்டான் சாதிக். மதுரைப் பக்கம் இருக்கிற தீம் பார்க்குக்கு ஞாயிற்றுக்கிழமை போவதாக ஏற்பாடு. மகள் மீரான் பீவி அதற்குள் அம்மாவின் போனில் பார்க்கின் பேரைத் தட்டி, எவனோ ஒருவன் ராட்டினத்தில் உட்கார்ந்து அலறிக்கொண்டே எடுத்த வீடியோவைத் தேடிப் பிடித்திருந்தாள். சாதிக் போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தான்.

“பாக்காமப் போவோம் பீவி. நீயும் நானும் அங்கன போயி ஒண்ணா, மொதத் தடவையாப் பாப்போம்” என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். பத்து வயதுப் பிள்ளை, அத்தா லீவில் வந்திருக்கிறார், வேறு என்ன செய்வாள்?

அவன் பெண்டாட்டி பௌசியாவுக்கு இது பிடிக்கவில்லை. பார்த்துவிட்டுப் போனால் ராட்டினம் தேய்ந்தா போகும் என்று கேட்டாள். பீவிக்குத் தெரியாத இடம் என்றாலே ஆகாது, பள்ளிக்கூடத்து டூரில்கூட அடுத்து எங்கே நிறுத்துவார்கள், எப்போது திரும்புவார்கள் என்று கேட்டுக் கேட்டு டீச்சரின் உயிரை வாங்கிவிட்டாள் என்றாள். சாதிக் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த ஆம்பளை வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி. அவன் சொன்னதற்கு மறுபேச்சுக் கிடையாது.

அவன் பக்கமும் நியாயம் இருந்தது. ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சரக்கு அடுக்குகிற வேலை அவனுக்கு. அங்கே இருந்தபடியே வாழ்க்கையைப் போனில் பார்த்துத் தீர்த்துவிட்டான். ஊரில், வீரசோழனில், சொந்த வீடு எழும்பியதை, அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியதிலிருந்து கடைசி டைல்ஸ் ஒட்டியது வரை, போனில்தான் பார்த்தான். மகளுக்குப் பல் விழுந்ததைப் போனில் பார்த்தான். பெற்ற அத்தா இறந்து, மையத்தைத் தூக்கிக்கொண்டு போனதையும், மச்சான் ஒருவன் கையை உயர்த்திப் பிடித்த போனில்தான் பார்த்தான். அதுவும் பாதித் தெருவில் சிக்னல் போய்விட்டது. இந்தத் தடவை வந்து புது வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியபோது, அடுப்படி எந்தப் பக்கம், எந்த ஸ்விட்சு எந்த லைட்டுக்கு என்று எல்லாமே தெரிந்திருந்தது. ஏற்கெனவே பார்த்த படத்துக்கு டிக்கெட் எடுத்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அதையும் பொறுத்துக்கொள்வான். மகளைத்தான் பொறுக்க முடியவில்லை. போனில் என்றால் பீவி வாயை மூடமாட்டாள். ஆடு குட்டி போட்டதிலிருந்து பக்கத்து வீட்டுச் சண்டை வரை ஒன்று விடாமல் ஒப்பிப்பாள். நேரில் கேட்டதற்கு ஒரு வார்த்தை, அதோடு சரி. வந்த புதிதில் ஒருநாள், ராத்திரி இஷா தொழுகை முடிந்து அவன் வழக்கமாகக் கூப்பிடுகிற நேரத்தில், அவள் போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் ஓடினாள். அங்கே சேரில் அவனே உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் வெட்கப்பட்டுப் போனை வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். ஆறு பேர் படுத்துக்கிடக்கிற ஷார்ஜா அறையில்கூட அவன் இத்தனை தனியாக இருந்ததில்லை. லீவு வேறு கரைந்துகொண்டே வந்தது. திரும்பிப் போவதற்குள் மகளோடு ஒரே ஒரு காரியத்தையாவது நேரில், பக்கத்தில் இருந்து, முதன்முதலாகச் செய்துவிட வேண்டும். அவன் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். நரிக்குடி, திருச்சுழி தாண்டி அருப்புக்கோட்டையில் இறங்கி மதுரை பஸ்ஸு பிடித்தார்கள். பீவி ஜன்னலோரம் உட்கார்ந்து, ரோட்டோரக் கருவேலமரங்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவன் பேச்சுக் கொடுத்துப் பார்த்தான். ம், ம் என்றாளே தவிர வாய் திறக்கவில்லை. புது இடத்துக்குப் போகிற படபடப்பு என்று அவன் தன்னைத் தேற்றிக்கொண்டான்.

பார்க் வாசலில் பௌசியா கட்டிவந்த பிரியாணியை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்த எரிச்சலோடு அவள் நிழலாக ஒரு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, தனக்குப் பஸ்ஸிலேயே தலை சுற்றிவிட்டது, அத்தாவும் மகளும் போய்ச் சுற்றிவிட்டு வரட்டும் என்று சொல்லிவிட்டாள்.

இருப்பதிலேயே பெரிய ராட்டினம் ரயில் மாதிரி தண்டவாளத்தில் ஏறி இறங்குவது. அதில் முன்சீட்டே கிடைத்தது. கம்பியை இறக்கிப் பூட்டினார்கள். வண்டி கடகடவென்று மேலே ஏற, சாதிக் மகளின் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் தண்டவாளத்தைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்தான். அந்த முகம் மாறுகிற நொடிக்காகத்தான் இத்தனை தூரம் வந்திருக்கிறான்.

“உச்சியில கொஞ்ச நேரம் நிக்கும் அத்தா” என்றாள் பீவி.

நின்றது.

“இப்ப விழுகும். விழுந்ததும் எடது பக்கம் திரும்பும். கெட்டியாப் பிடிச்சுக்கங்க.”

விழுந்தது. அலறியது சாதிக்தான். பீவி கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவுக்கும் முன்னாலேயே அந்தப் பக்கம் சாய்ந்து கொடுத்தாள்.

இறங்கியதும் அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீடியோ பார்த்தாயா என்று கேட்டான். ஆமாம் என்றாள். இது ஒன்றா என்றான். எல்லாமும் என்றாள். தினமும் சாயங்காலம் இவன் அசர் தொழப் பள்ளிவாசலுக்குப் போன நேரத்தில் அம்மா போனைக் கொடுத்திருக்கிறாள். பிள்ளைகூடத் தன் பேச்சை மதிக்கவில்லை, இந்த வீட்டில் தான் யார் என்று அவனுக்கு மனசு வெறுத்துப்போனது. அவன் குரல் உயர்வதைப் பார்த்துப் பௌசியா பெஞ்சைவிட்டு ஓடிவந்தாள்.

பீவி தரையைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள். அவன் ஊருக்கு வந்ததிலிருந்து அவள் இத்தனை பேசியதில்லை.

“எங்கன விழுகும்னு தெரிஞ்சா நான் அழுக மாட்டேன் அத்தா. தெரியாட்டித்தான் அழுகை வரும். போன தடவ நான் தூங்கும்போது போயிட்டீக. காலையில எந்திரிச்சு பாத்ரூம்ல தேடுனேன், கொல்லையில தேடுனேன். பள்ளிவாசத் தெரு வரைக்கும் ஓடுனேன்.”

அந்தத் தெருவில் அப்படிப் போகாத அத்தா இல்லை. போகிற தேதியைச் சொன்னால் பிள்ளை காய்ச்சலில் விழும், காலைக் கட்டிக்கொண்டு விடாது. அதனால் தூங்கும்போது நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தெருமுனையில் நிற்கிற காருக்கு நடந்துவிடுவார்கள். கடைக்குப் போயிருக்கிறார் என்று காலையில் வீட்டுப் பெண்கள் பிள்ளையிடம் சொல்லிவிடுவார்கள். இந்தத் தடவையும் சாதிக் பெட்டியைக் கட்டி அக்கா வீட்டில் ஒளித்து வைத்திருந்தான். தேதியைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்று பௌசியாவிடம் சொல்லியிருந்தான்.

“இந்தத் தடவ எந்தக் கெழம போறீக?” என்று பீவி கேட்டாள்.

அவன் பௌசியாவைப் பார்த்தான். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“வர்ற வியாழக்கெழம.”

“ராத்திரியா?”

“விடியக்கால, சுபுஹுத் தொழுகைக்கு முன்னாடி காரு வரும்மா.”

பீவி கொஞ்சம் யோசித்தாள். “நாங்க ஏர்போட்டு வரைக்கும் வரலாமா, வாசலோடயா?”

“வாசலோடதான்.”

“அப்பன்னா என்னைய எழுப்பி விடுங்க. அழுக மாட்டேன்.”

மகள் அழுவாள், அவளால் தாங்க முடியாது என்றுதான் இத்தனை வருசமும் சொல்லிக்கொண்டிருந்தான். தாங்க முடியாதது தனக்குத்தான் என்று அந்த இடத்தில் அவனுக்கு விளங்கியது. தண்ணீர் விளையாட்டில் நனைந்த துணியோடு சனங்கள் சிரித்துக்கொண்டே போய்வருகிற பாதையில் நின்று, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு சாதிக் அழுதான்.

பீவி சுற்றும்முற்றும் பார்த்தாள். பிறகு அவன் சட்டையைப் பிடித்து மெல்ல இழுத்தாள்.

“அங்கிட்டுக் கொழா இருக்கு அத்தா. மொகத்தக் கழுவிட்டு வாங்க, ஒண்ணும் தெரியாது. நீங்க போன அன்னைக்கி அம்மாவும் அப்பிடித்தான் கழுவுச்சு.”