பொத்தானின் மசக்கை

கடைக்குள் நுழையும் பெண்ணின் இடுப்பைப் பார்த்தே தையற்காரி கண்டுபிடித்துவிடுவாள். "உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைக்கிறேன், பின்னாடி பிரிச்சுக்கலாம்" என்பாள். மாமியாருக்கே இன்னும் சொல்லாத சங்கதி தையற்கடைக்குத் தெரிந்துவிட்டதே என்று வந்தவள் வெட்கத்தில் நெளிவாள். அந்தக் கண் ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

அதனால், கடையில் வளரும் நாய் பொத்தானின் வயிறு பெருத்தபோது அவள் மறுயோசனையே செய்யவில்லை.

"பொத்தான் மாசமா இருக்கா!"

பக்கத்து மெஷினில் இருந்த நாத்தனார் நிமிர்ந்தாள். "மாப்பிள்ளை யாரு அண்ணி? போன மாசம் ஹீட்டுல துணை தேடி அலைஞ்சப்போ கதவைச் சாத்திக் காவல் காத்தது நீங்கதானே?"

"உனக்குந்தான் உங்கண்ணன் காவல் காத்தாரு. நீ காதலிக்கலையா?"

நாத்தனார் மறுபடி மெஷின் பக்கம் குனிந்துகொண்டாள்.

'ஒரு தடவை குட்டி போடட்டும், அப்புறம் கருத்தடை பண்ணிக்கலாம்' என்று வருஷக்கணக்காகத் தள்ளிப்போட்டவள் தையற்காரி. இப்போது தலைகால் புரியவில்லை. வெட்டுத் துணிகளைத் திணித்து மெத்தை தைத்தாள். பிறக்கப்போகும் குட்டிகளை வாடிக்கையாளர்களுக்குப் பங்கு பிரித்தும் கொடுத்துவிட்டாள்.

பொத்தான் கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடித்தது. "வயித்துல பிள்ளைங்க இருந்தா தாகம் எடுக்காதா?" என்றாள். சாப்பாட்டை ஒதுக்கியது, வாந்தி எடுத்தது. "மசக்கைடி!" என்றாள்.

மறுநாள் காலை, ஷட்டரைத் தூக்கிய சத்தத்துக்குப் பொத்தான் எழுந்து வரவில்லை. காது மடல் கொதித்தது. புது மெத்தையில் பழுப்பாக ஏதோ கசிந்திருந்தது.

"பனிக்குடம் உடைஞ்சிருச்சு போல!"

நாத்தனார் குனிந்து மோந்துவிட்டு மூக்கைப் பொத்தினாள். "அண்ணி, இது சீழ் நாத்தம். எந்திரிங்க, டாக்டர்கிட்ட ஓடலாம்."

கால்நடை டாக்டர் வயிற்றை ஸ்கேன் செய்து, திரையைத் திருப்பிக் காட்டினார். தடித்த குழாய்களாக ஏதோ தெரிந்தது.

"குட்டி ஒண்ணுகூட இல்லம்மா. கர்ப்பப்பை முழுக்கச் சீழ். கருத்தடை பண்ணாத பெண் நாய்களுக்கு, ஹீட் முடிஞ்ச சில வாரத்துல இது வரும். நிறையத் தண்ணி குடிச்சாளா?"

"குடிச்சா டாக்டர். நான்தான் மசக்கைன்னு விட்டுட்டேன்," என்றாள் தையற்காரி.

"கசிஞ்சதால உங்களுக்குத் தெரிஞ்சுது. சில நாய்களுக்குக் கர்ப்பப்பை வாய் மூடிக்கிட்டு ஒரு சொட்டுகூட வெளியே வராது. அது இன்னும் ஆபத்து. டிரிப்ஸ் ஏத்தி, ஆன்டிபயாடிக் போட்டு, இன்னிக்கே கர்ப்பப்பையை எடுத்துடணும்."

"எடுத்துட்டா குட்டி..."

"விட்டா விஷம் ரத்தத்துல ஏறும். நாயே தங்காது."

மேஜைமேல் துவண்டு கிடந்த பொத்தான், அந்த நிலையிலும் அவள் விரலை நக்கியது. தையற்காரி மூக்கை உறிஞ்சினாள். "எடுத்துடுங்க டாக்டர். குட்டி யாருக்கு வேணும்? எனக்கு இவ இருந்தா போதும்."

வெளி பெஞ்சில் அண்ணியும் நாத்தனாரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசியில் டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "பிழைச்சுக்கிட்டா. ஆனா ரெண்டு நாள் இங்கேயே இருக்கட்டும்."

அழைத்துப்போக வந்த அன்று, தையற்காரி முதலில் பொத்தானின் வயிற்றைத் திருப்பிப் பார்த்தாள். "சுருக்கமே விழலை. நல்ல கை உங்களுக்கு."

டாக்டர் சிரித்துவிட்டார்.

"சந்தோஷப்படுங்க டாக்டர்," என்றாள் நாத்தனார். "என் தையலை இதுவரைக்கும் ஒரு நாள் பாராட்டினதில்லை."

"தையல் ஆறுற வரைக்கும் நக்க விடாதீங்க. மாத்திரையைப் பாதியில நிறுத்தாதீங்க," என்றார் அவர்.

இவர்கள் பேச்சில் மூழ்கியிருக்க, கீழே டப்பா உருளும் சத்தம் கேட்டது. டாக்டர் பாதி சாப்பிட்டு நாற்காலியில் வைத்திருந்த மதியச் சாப்பாட்டைப் பொத்தான் வழித்து முடித்திருந்தது.

"ஐயோ டாக்டர், உங்க சாப்பாடு!"

"இருக்கட்டும்," என்றார் அவர். "இதைத்தான் ரெண்டு நாளா எதிர்பார்த்துக்கிட்டு இருந்தேன்."