பூட்டிக் கிடந்த பதினான்கு கடைகள்

அன்று காலை மேல்மாடி அறையில் இருந்தவர்கள்: ஸுமைரா, கையில் அளவு நாடாவோடு அவளுடைய அண்ணன், கீழே ஹார்ட்வெயார் கடை நடத்தும் இப்திகார் நானா, கண்டி ஹோட்டல்காரர்கள் அனுப்பிய ஓய்வுபெற்ற எஞ்சின் டிரைவர் ராஜரத்தினம்.

மேசையில், ஸுமைரா செய்த மாதிரியில், பிலிமத்தலாவை ஸ்டேஷனும் கடைவீதியும் எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருங்கிக் கிடந்தன. ராஜரத்தினம் சரி என்றால் ஹோட்டல் எடுத்துக்கொள்ளும். கடுகண்ணாவை வரையான மிச்சப் பாதையைச் செய்யும் வேலையும் அவளுக்கே. இல்லையென்றால் இந்த அறை நானாவின் கடைப் பெயின்ட் டின்களுக்கு. நானா சுவரை ஏற்கெனவே அளந்துவிட்டார்.

டிரைவர் முதலில் எஞ்சினைத் தூக்கினார். வாங்கும்போது அது பளபளத்த பிளாஸ்டிக் பொம்மை. கைப்பிடிகளைச் செதுக்கி எறிந்துவிட்டு மெல்லிய செம்புக் கம்பி பொருத்தியிருந்தாள். கூரையில் கரி. ஜன்னலுக்குக் கீழே கீறல்.

"இதென்ன பிள்ளை?"

"லைன்ல போக அனுமதின்னு ஸ்டேஷன்ல நீட்டுற டெப்லட் வளையம் பட்ட அடையாளம் சேர். ஓடுற ரயில்ல எட்டிப் பிடிச்சா கீறாம ஈக்குமா?"

அவர் எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்தார். அதில் குறை இல்லையென்று அவளுக்குத் தெரியும்.

பிறகு கடைவீதி. சுவர்கள் டைல் பெட்டி மட்டை. தகரக் கூரைகள் சீப்பின் மேல் அழுத்தியெடுத்த பால்மா பக்கெட்டின் உள்தாள். அவர் குனிந்து ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி வீதியைப் பார்த்தார்.

"மணி பத்தேகால். பதினாலு கடையும் பூட்டிக் கிடக்குது. என்ன, ஹர்த்தாலே?"

இப்திகார் வெடித்துச் சிரித்தார். "ஜும்ஆ தொழுகை நேரம் சேர்! எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போன பொறகு அளந்தீக்கிறாள்!"

உண்மைதான். மற்ற நாட்களில் லொறியும் சனமும் அந்த வரிசையில் நாடா பிடிக்க விடாது. வெள்ளி நண்பகலில் அளந்தாள், படமெடுத்தாள், படத்தில் கண்டதைக் கட்டினாள். இந்தத் தெருவில் பிறந்தவளுக்கு மூடிய ஷட்டர் கண்ணில் உறுத்தவேயில்லை.

"எல்லாத்தையும் கழட்ட ஒரு கிழமை போகும்," என்றார் நானா, துளியும் வருத்தமில்லாமல்.

ஸுமைரா எதையும் கழற்றவில்லை. இடுக்கியால் கடிகார முட்களைப் பன்னிரண்டே முக்காலுக்குத் தள்ளினாள். பிளாட்போமில் நின்ற ஆண் பொம்மைகளில் ஒன்பதைப் பிடுங்கி, தலையில் தொப்பியாக வெள்ளைப் புள்ளி வைத்து, பள்ளிவாசலுக்குப் போகும் பாதையில் நட்டாள்.

"அப்ப இந்த எக்ஸ்பிரஸ்? அது காலமை வண்டியெல்லே?" ராஜரத்தினம் தண்டவாளத்தில் நின்ற எஞ்சினைக் காட்டினார்.

"மலையில மண் சரிஞ்சு லேட்டு சேர்."

"என்ர வண்டி ஒருநாளும் லேட்டாகினதில்லை."

"இது உங்கட வண்டி இல்ல சேர். என்ட."

ராஜரத்தினம் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பேனையை எடுத்து ஹோட்டலின் ஒப்புதல் தாளில் கையெழுத்து வைத்தார்.

"கடுகண்ணாவையைப் புதன்கிழமையில அளந்து பாரும்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நானா மட்டும் நின்றார். "அந்த மூலையில நாலே நாலு டின்..."

"கீழ ஆள் வந்து நிக்கிறாங்க, போங்க நானா."

அவர் முதல் படியில் கால் வைத்ததும் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டு, சாவியையும் திருப்பினாள்.