விடு

தம்பியின் கையை நர்ஸ் மெல்லப் பிரித்து, விரலிடுக்கெல்லாம் ஈரத்துணியால் துடைத்தாள். துடைத்து முடித்துக் கட்டிலில் வைத்ததும் அந்தக் கை முழங்கை மடங்கி, முஷ்டி பிடித்து, மறுபடி மார்புக்கே போய் ஒட்டிக்கொண்டது. இன்னொரு கை ஏற்கனவே அங்கேதான் இருந்தது.

"பாருங்க, கைய இழுத்துக்கிட்டான்," என்று அம்மா நர்ஸிடம் சொன்னாள். "வீட்டுல சுத்திக் காட்டறப்போ இப்படித்தான் வெச்சுக்குவான். அவனுக்கு எல்லாம் தெரியுது."

நர்ஸ் தலையாட்டிவிட்டுப் போனாள். கட்டிலின் மறுபக்கம் அக்கா நின்றிருந்தாள். டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார். மூளையில் அடிபட்டவர்களுக்குக் கை அப்படித்தான் மடங்குமாம். அதற்கும் நினைவுக்கும் சம்பந்தமே கிடையாதாம். இனி எழுந்திருக்க வழியில்லை, செயற்கை மூச்சுக்கான குழாயை எடுத்துவிடுவதைப் பற்றி வீட்டில் பேசிச் சொல்லுங்கள் என்றார். அம்மா அதைக் காதில் வாங்காமல் மகனின் கால் விரல்களை உருவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே காத்திருந்த சித்தி, அக்காவைக் கண்டதும் முதுகைத் தடவினாள். "விடும்மா, விடு. நம்ம கையில என்ன இருக்கு?" என்றாள்.

அக்காவுக்குச் சுள்ளென்று வந்தது. வருகிறவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் இந்த ஒரு வார்த்தையைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா இவர்களுக்கு?

அது அவளும் தம்பியும் சேர்ந்து தேடிப் பிடித்த வார்த்தை. தம்பி பழகிய சண்டைக்கலையில் ஒரு பறக்கும் உதை உண்டு. ஓடிவந்து, ஒற்றைக்காலில் எகிறி, உடம்பைச் சாய்த்து அந்தரத்தில் ஒன்றரைச் சுற்று சுற்றி, உதைத்து இறங்க வேண்டும். எகிறுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. பயிற்சிக்கூடத்தில் அவனுக்குப் பம்பரம் என்றே பெயர். கைகளை மார்போடு இறுக்கினால் சுற்று வேகம் பிடிக்கும், விரித்தால் அடங்கும். எந்த நொடியில் விரிப்பது என்பதுதான் அவனுக்குத் தலைகீழாக நின்றும் பிடிபடவில்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பிந்திப்போய், கூடுதலாகச் சுற்றிப் பாயில் பொத்தென்று உட்காருவான். மாஸ்டர் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிக் காட்டினார். பார்க்கும்போது புரிந்தது, பறக்கும்போது மறந்தது. சுற்றுகிறவனுக்குத் தரை தெரியாது, வெளியிலிருந்து யாராவது குரல் கொடுங்கள் என்றார் அவர்.

அக்கா குரல் கொடுத்தாள். முதலில் "இப்போ" என்றுதான் கத்தினாள். உன் இப்போ முடிவதற்குள் நான் உட்கார்ந்தே விடுகிறேன் என்று தம்பி கேலி செய்தான். "திற" என்றாள், கூடத்துச் சத்தத்தில் அது எடுபடவில்லை. "விடு" மட்டும் நேராக உள்ளே போய்த் தைத்தது. யோசிக்கவே கூடாது, குரல் கேட்டதும் கையை விட்டுவிட வேண்டும் என்று பழகினார்கள். வேலை முடிந்து வந்த களைப்போடு அவள் பாயோரம் நின்று கத்துவாள். அவன் முன்பாதம் ஊன்றி, முழங்கால் மடக்கி, ஆடாமல் இறங்குவான். காதுக்கும் கைக்கும் நடுவில் மூளையே இல்லாத மாதிரி ஆகிவிட்டது. இருவருக்கும் அதில் தலைகால் புரியாத பெருமை.

அம்மா அந்தக் கூடத்துக்கு வந்ததே ஒரே ஒரு நாள்தான். அக்கா ஏதோ குரல் கொடுப்பாள், அவன் இறங்குவான் என்பது மட்டுமே அவளுக்குத் தெரியும். பார்த்தால் நெஞ்சு நின்றுவிடும் என்று தட்டிக்கழித்துக்கொண்டிருந்தவளைத் தம்பிதான் நச்சரித்து அழைத்துவந்தான். அவன் ஓட ஆரம்பித்ததும் அவள் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிய பக்கம் இரண்டு வாண்டுகள் தண்ணீர் பாட்டிலுக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. பெரியவன் சின்னவனின் முடியைப் பிடித்து இழுத்தான்.

"விடு!" என்று அம்மா அதட்டினாள்.

போனில் அம்மா குரலையும் அக்கா குரலையும் சித்தியே பிரித்துக் கண்டுபிடித்ததில்லை. அந்தரத்தில் தம்பியின் கைகள் விரிந்தன. உடம்பு சாய்ந்து தலை கீழே இருந்த நேரம். அக்கா சொல்லத் திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

சத்தம் கேட்டுத்தான் அம்மா திரும்பினாள். நீ குரல் குடுக்கலையா என்று அன்றைக்கே கேட்டாள். லேட்டாகச் சொல்லிவிட்டேன் என்றாள் அக்கா. அதற்குப் பிறகு அம்மா அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. உன்னை நம்பித்தானே குதித்தான் என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். அக்காவுக்கு வயிறு எரியும். தம்பியையும் இழந்து இந்தப் பழியையும் சுமக்க வேண்டுமா என்று கத்தத் தோன்றும். கத்தினால் இந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் அம்மாவுக்கும் ஒரு கட்டில் போட வேண்டிவரும். வாயை மூடிக்கொண்டாள்.

மாலையில் டாக்டர் மறுபடி வந்தார். வலிக்குமா என்று அம்மா கேட்டாள். வலி தெரியாமல் பார்த்துக்கொள்வோம் என்றார். அம்மா வெகுநேரம் மகனின் முஷ்டியையே பார்த்திருந்துவிட்டு, சரி என்றாள்.

குழாயை எடுத்தார்கள். மூச்சு கரகரத்து, நின்று, மறுபடி வந்தது. கைகள் மார்பை விட்டு அசையவில்லை.

அம்மா நிமிர்ந்து அக்காவை நேராகப் பார்த்தாள். "எறங்கத் தெரியாம சுத்திக்கிட்டே இருக்கான்டி. நீ சொல்லு. இந்தத் தடவையாவது நேரத்துக்குச் சொல்லு."

அம்மா காதுபட அந்த வார்த்தையைச் சொல்லவே கூடாது. அக்கா குனிந்து, "இப்போ" என்றாள்.

தம்பியின் நெஞ்சு மேலே இழுத்து, பாதியில் நின்று தவித்தது. முஷ்டி இறுகியே இருந்தது. இப்போ என்றால் அவன் என்றைக்கு இறங்கினான்? கடைசி நேரத்திலும் அவனிடம் பொய்யா சொல்வது?

"கேக்கலை போல. நல்லா சொல்லு," என்று அம்மாவும் தலையணைப் பக்கம் குனிந்து கெஞ்சினாள்.

அக்கா அவன் காதில் வாயை வைத்து, மூச்சோடு மூச்சாக, "விடு" என்றாள்.

அடுத்த மூச்சு வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக முஷ்டி தளர்ந்தது. ஒரு கை மார்பிலிருந்து வழிந்து கட்டிலோரம் தொங்கியது. நர்ஸ் அதை எடுத்துப் போர்வைக்குள் வைத்தாள்.

அம்மா மகனைப் பார்க்கவில்லை.

"இதைத்தான் சொல்லுவியா அவன்கிட்ட?"

"இல்லம்மா. இது சும்மா வாயில வந்தது."

"அந்தப் பசங்ககிட்ட நான்..."

அம்மாவின் வலது கை எழும்பி வாயைப் பொத்திக்கொண்டது. நர்ஸ் ஏதோ கேட்டதற்குத் தலையை மட்டும் அசைத்தாள். லிஃப்டில் சித்தி பேசிப் பார்த்தாள். காரில் அக்கா அந்தக் கையைப் பிடித்து இறக்கப் பார்த்தாள், முடியவில்லை. வீட்டு வாசலில் அம்மா குனிந்து, இடது கையால் மட்டும் செருப்பின் வாரைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.