தேனீக்குத்தான் தடை

சாலையின் குறுக்கே கிடந்த கம்பத்தை ஒரு முறை பார்த்தாள் தேன்காரி. அதன் பின்னால் நின்ற காவலரை ஒரு முறை பார்த்தாள். இரண்டில் கம்பமாவது கொஞ்சம் வளைந்து கொடுக்கும் என்று தோன்றியது.

"யாரும் தாண்டக் கூடாது. தேனீக்காரங்க எல்லாருக்கும் தடை," என்றார் காவலர். கன்னம் வரை படர்ந்த மீசை அவருக்கு. அந்த வட்டாரத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் அழைத்ததில்லை, மீசைக்காரர்தான்.

"எங்கக்காவுக்கு இன்னிக்கி மத்தியானம் நெஞ்சுல ஆபரேஷன் சார். நான் போயே ஆகணும்."

"உங்க வீட்டுல தேனீப் பெட்டி இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"அப்ப முடியாது. உத்தரவு."

அந்த உத்தரவு எதற்கு என்று தேன்காரிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கூட்டுக்குள் புழுக்கள் அழுகும் நோய் வந்திருப்பதைக் கண்டு, வேளாண் அதிகாரியிடம் போய்ச் சொன்னதே அவள்தான். சொல்லிவிட்டுத் தன் பெட்டிகளில் பாதியைத் தானே குழிவெட்டி எரித்தாள். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாள் என்று மற்ற தேன்காரர்கள் பேசினார்கள். பேசட்டும். நோய் இந்தச் சாலையைத் தாண்டினால் அந்தப் பக்கத்துப் பெட்டிகளும் போய்விடும். தடை சரிதான், அதில் அவளுக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் தேனீக்குப் போட்ட தடையில் மனுஷி ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

அக்காவை அவள் நன்றாக அறிவாள். பள்ளிக்கூடத்தில் குடிமையியல் நடத்துகிறவள், தலைமை ஆசிரியரையே எதிர்த்து நிற்பவள், கத்தி என்றால் மட்டும் நடுங்குவாள். "என் தங்கச்சி முகத்தைப் பாக்காம உள்ள வர மாட்டேன்" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டாளாம். இன்றைய முறையைத் தவறவிட்டால் அடுத்தது ஒரு மாதம் கழித்து. அக்காவின் இதயம் அதுவரை பொறுக்குமா என்று டாக்டரே உறுதி சொல்லவில்லை.

தேன்காரி கைப்பேசியை எடுத்து அக்காவை அழைத்தாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

"வழியில நிறுத்திட்டாங்கக்கா."

"யாரு நிறுத்தினது? குடு அவர்கிட்ட." மருத்துவமனைக் கட்டிலிலிருந்து வந்த குரலாகவே அது இல்லை. கடைசி பெஞ்சு வரை கேட்கும் குரல். "ஐயா, அந்த உத்தரவைக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க."

மீசைக்காரர் ஏன் நிமிர்ந்து நின்றாரோ அவருக்கே தெரியாது. கம்பத்தில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துச் சத்தமாகப் படித்தார். "தேனீ, பெட்டி, தேனடை, தேனீ வேலைக்கான உடுப்பு, கருவி, இதுல எதையும் எல்லைக்கு வெளியே கொண்டு போகக் கூடாது."

"மனுஷங்கன்னு எங்க இருக்கு?"

"இல்லைங்க... ஆனா தேனீயைத் தேனீக்காரங்கதானே கொண்டு போவாங்க?"

"அப்ப சோதிச்சுப் பாருங்க. அதுக்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கு. நாட்டுக்குள்ள எங்க வேணாலும் போய் வர அரசியல் சட்டம் எல்லாருக்கும் உரிமை குடுத்திருக்கு. அதை நிறுத்தவே கூடாதுன்னு நான் சொல்லல. நிறுத்தலாம். ஆனா அதுக்குச் சட்டம் இருக்கணும், நியாயமான காரணம் இருக்கணும், அந்தக் காரணத்துக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான் நிறுத்தணும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தக் கூடாது."

மீசைக்காரர் தேன்காரியின் பக்கம் குனிந்து, "ஆபரேஷன் யாருக்குன்னு சொன்னீங்க?" என்றார்.

"இப்பப் பேசறாங்களே, அவங்களுக்குத்தான்."

அவர் வேறு வழியில்லாமல் வேளாண் அதிகாரிக்குச் சொல்லி அனுப்பினார். ஜீப்பில் வந்து இறங்கிய அந்த அம்மாள்தான் உத்தரவை எழுதியவர். தேன்காரியைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். எரித்த குழியருகே இருவரும் சேர்ந்து நின்றிருக்கிறார்கள்.

"ஆளை நிறுத்தச் சொல்லி நான் எழுதலையே," என்றார் மீசைக்காரரிடம். பிறகு தேன்காரியின் பையைத் திறந்து பார்த்தார். மாற்றுத்துணி, சீப்பு, அக்காவுக்கு ஒரு போர்வை. "வேலை உடுப்பு?"

"வீட்டுலயே கழட்டிப் போட்டேன் மேடம். சோப்புப் போட்டுக் குளிச்சிட்டுத்தான் வர்றேன்."

"சரி, போய்ட்டு வாங்க. அக்கா நல்லபடியா வரட்டும்."

கம்பம் உயர்ந்தது. கைப்பேசிக்குள் அக்கா, "பாத்தியா?" என்று சிரித்தாள். அந்தப் பக்கம் பேருந்து உறுமிக்கொண்டு நின்றது. தேன்காரி தலை நிமிர்ந்து நடந்தாள். அவள் வாழ்க்கையில் அத்தனை அகலமான சாலையை அதுவரை பார்த்ததில்லை.

பாதி வழியில் ஒரு தேனீ அவள் போட்டிருந்த கோட்டின் இடப்பக்கம் வந்து உட்கார்ந்தது. காலர் மடிப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டிலிருந்து வந்ததாக இருக்கும், வெயில் பட்டதும் கிளம்பியிருக்கும். தட்டிவிட்டாள். அது ஒரு சுற்று சுற்றி அதே இடத்தில் உட்கார்ந்தது. இன்னொன்றும் வந்தது. இரண்டும் துணியை முகர்ந்தபடி உள்ளே போக வழி தேடின.

குனிந்து கோட்டைப் பார்த்தாள்.

வெளிச்சம் வருவதற்கு முன் பெட்டிகளைப் பார்க்கப் போகும்போது குளிருக்கு இந்தக் கோட்டைத்தான் போட்டுக்கொள்வாள். அவளுக்கு அது வேலை உடுப்பே அல்ல, கோட்டு. ராணித் தேனீயைச் சின்னக் கம்பிவலைக் கூண்டில் பிடித்து வைத்தால் உடம்புச் சூட்டில் இருக்கட்டும் என்று உள்பைக்குள் போட்டுக்கொள்வதும் அவள் வழக்கம். இன்று காலை அப்படிப் போட்ட நேரத்தில்தான் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. ஓடிப்போய்க் குளித்து, உடுப்பு மாற்றி, மறுபடி அதே கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். மடியில் பூனையைக் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்த கதை!

உள்பையைத் தொட்டுப் பார்த்தாள். தீப்பெட்டி அளவுக் கூண்டு அங்கே இருந்தது.

யாருக்குத் தெரியும்? அதிகாரி முதுகைக் காட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார். மீசைக்காரருக்கு ராணிக்கும் ஈக்கும் வித்தியாசம் தெரியாது. திருப்பிக் கொடுத்தால் ராணியைக் கொன்றுவிடுவார்கள். கொட்டவே தெரியாத சாது வம்சம் அது, எரித்தது போக மிஞ்சியது இவள் ஒருத்திதான். பேருந்து வேறு ஹாரன் அடித்தது.

அக்கா சொன்னதில் 'போகலாம்' என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் அதற்குப் பெயர் உரிமையா? பாதிப் பெட்டிகளை எரித்தது பிறகு எதற்காக? தேன்காரிக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. திரும்பி நடந்தாள்.

"மேடம்! தப்பு நடந்துபோச்சு. இந்தக் கோட்டும் வெளிய போகக் கூடாது, இதுவும் போகக் கூடாது." கூண்டை நீட்டினாள். "மறந்துட்டேன். சத்தியமா மறந்துட்டேன்."

அதிகாரி கூண்டை வாங்கிப் பார்த்தார். முகம் இறுகியது. "நோய் வந்த இடத்து ராணி. இதை அழிக்கிறதுதான்..."

"மேடம்," என்று குறுக்கிட்டார் மீசைக்காரர். "உத்தரவுல வெளிய கொண்டு போகக் கூடாதுன்னுதானே இருக்கு? கொல்லணும்னு எங்க இருக்கு? காரணத்துக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவுதானே?"

கைப்பேசியிலிருந்து, "சபாஷ்!" என்று ஒரு குரல் வந்தது.

அதிகாரி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார். "சரி. உள்ளேயே இருக்கட்டும். சோதிச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

"என் வீட்டுக்காரர் வந்து வாங்கிக்குவார் மேடம். அதுவரைக்கும் யாராவது உடம்புச் சூட்டுல வெச்சிருக்கணும், இல்லன்னா செத்துப்போயிரும்."

இரண்டு பெண்களும் மீசைக்காரரைப் பார்த்தார்கள். அவருக்குப் பின்னால் வேறு யாரும் இல்லை.

கூண்டு அவருடைய சட்டைப்பைக்குள் போனது. கோட்டு சாக்குக்குள் போனது. தேன்காரி கம்பத்தருகே வைத்திருந்த டிரம்மின் சோப்புத் தண்ணீரில் முழங்கை வரை தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தபோது பேருந்து நகரத் தொடங்கிவிட்டது. மீசைக்காரர் விசிலை எடுத்து ஊதிய ஊதலில் அது குலுங்கி நின்றது.

"ஓடுங்கம்மா!"

அவள் ஓடினாள். ஏறி, சன்னலோரம் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தாள். மீசைக்காரர் ஒரு கையால் பையைப் பொத்திக்கொண்டு விறைத்து நின்றார். வழி தவறிய தேனீக்கள் இரண்டும் அவர் மீசையைச் சுற்றிக்கொண்டிருந்தன.

"உங்க வீட்டுக்காரரைச் சீக்கிரம் வரச் சொல்லுங்க!" என்று கத்தினார். "என்னால நகர முடியல!"

கைப்பேசியில் அக்கா மூச்சு வாங்கச் சிரித்தாள். "ஏண்டி, அந்த மனுஷனை நிறுத்தி வெச்சிருக்கியே, அது சட்டப்படியா?"

"காரணம் இருக்குக்கா. அளவும் இருக்கு. எங்க வீட்டுக்காரர் வர்ற வரைக்கும்தான்."

அக்கா சிரித்து முடித்தாள். பிறகு யாரிடமோ, "சிஸ்டர், என்னை உள்ள கூட்டிட்டுப் போங்க," என்றாள்.

"அக்கா! நான் இன்னும் வரவே இல்லையே?"

"நீ வந்துருவ," என்றாள் அக்கா. "உன்னை எவன் நிறுத்த முடியும்? கண்ணைத் திறக்கும்போது எதிர்ல இரு, போதும்."