ஜன்னலோரக் கட்டில்

நேஸ்தம் கேட்டால் இல்லையென்று சொல்லக் கூடாது. ஆந்திராவில் உத்தானத்துப் பக்கம் அதுதான் வழக்கம். இரண்டு பெண்கள் அம்மன் கோயிலில் புடவை மாற்றிக்கொண்டு நேஸ்தம் கட்டி உயிர்த்தோழிகளாகிவிட்டால், அப்புறம் சாகும்வரை ஒருத்தியை ஒருத்தி பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், 'நேஸ்தம்' என்றுதான் கூப்பிடுவார்கள். காமேசுவும் தாலம்மாவும் அப்படிக் கட்டிக்கொண்டவர்கள். முந்திரி உடைக்கும் கொட்டகையில் பக்கத்துப் பக்கத்து இடம். பாழாய்ப்போன சிறுநீரகமும் சொல்லிவைத்தாற்போல இருவருக்கும் கெட்டது. ஆஸ்பத்திரியிலும் அடுத்தடுத்த கட்டில்தான், காமேசுவுக்கு ஜன்னலோரம்.

இருவருக்கும் கழுத்தில் குழாய். அது வழியாகத்தான் ரத்தம் இயந்திரத்துக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்பும். உள்ளே ரத்தம் கட்டி அடைத்துக்கொண்டால் குழாயைப் பிடுங்கிவிட்டு வேறு நரம்பு தேட வேண்டும். காமேசுவுக்கு இடப்பக்க நரம்பு முன்னமே சுருங்கிவிட்டது. வலப்பக்கமும் போனால் தொடைதான். தொடையில் குழாயை வைத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்து முந்திரி உடைக்க முடியுமா? அவள் சோறே அந்தக் கழுத்து நரம்பில்தான் இருந்தது.

டாக்டரம்மா அங்கே ஒரு ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். டயாலிசிஸ் முடிந்ததும் அடைக்காமலிருக்கக் குழாய்க்குள் மருந்து நிரப்பி மூடுவார்கள். பாதிப் பேருக்குப் பழைய மருந்து, பாதிப் பேருக்குப் புதுசு. யாருக்கு எது என்று டாக்டரம்மாவுக்கே தெரியாது.

ஆனால் மருந்து ஏறும்போதெல்லாம் காமேசுவின் வாயில் பித்தளைச் சொம்பை நக்கின மாதிரி ஒரு ருசி வந்தது. புருஷனிடம்கூடச் சொல்லவில்லை, நேஸ்தத்திடம் சொன்னாள்.

"எனக்கு ஒண்ணும் வரலியே. நெசமாவே சொம்பை நக்கிட்டுத்தான் வந்திருப்பே நீ" என்று தாலம்மா சிரித்தாள். சிரித்தாளே ஒழிய மறக்கவில்லை. அவளுக்கு அதற்குள் இரண்டு குழாய் அடைத்துப் போயிருந்தது. காமேசுவுடையதில் ஒரு தொந்தரவும் இல்லை.

ஒருநாள் தாலம்மா, "நேஸ்தம், ஏசி காத்து நேரா என் கழுத்துலயே அடிக்குது. ஜன்னலோரத்தை எனக்குக் குடேன்" என்றாள்.

"இதுக்குப் போய்க் கேக்கணுமா? வந்து படு." காமேசு தலையணையைத் தட்டிப் போட்டே கொடுத்தாள்.

சிரிஞ்சில் பேர் ஒட்டித்தான் வரும். அதை யார் பார்த்தார்கள்? எப்போதும் அவரவர் கட்டிலில் அவரவர். மருந்து ஏற்றும் தவிட்டய்யா கட்டில் வரிசைப்படி தட்டில் அடுக்கிக்கொண்டு, ஊர்க்கதை பேசியபடியே போட்டுக்கொண்டு போவான். இது தாலம்மாவுக்கு நன்றாகத் தெரியும்.

அன்று காமேசுவுக்கு ருசி வரவில்லை. அடுத்த முறையும் இல்லை. பழகிப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள், வெகுளி. மழைக்காலம் பிடிப்பதற்குள் குழாய் அடைத்துக்கொண்டது. கட்டியைக் கரைக்கிற மருந்து விட்டுப் பார்த்தும் அசையவில்லை. கடைசியில் தொடையில்தான் போட்டார்கள்.

தொடைப் புண்ணைக் காட்டுவதற்காக அவள் காலை இழுத்து இழுத்து உள்ளே வந்தபோது, தவிட்டய்யா ஜன்னலோரத்தில் மருந்து ஏற்றி முடித்திருந்தான். தாலம்மா முகத்தைச் சுளித்து, முந்தானை முடிச்சிலிருந்து புளி எடுத்து வாயில் போட்டாள்.

"வாய்ல என்ன நேஸ்தம்?"

"எல்லாம் இந்தப் பித்தளை..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

காமேசு ஜன்னலோரக் கட்டிலையும் தன் பழைய தலையணையையும் பார்த்தாள். "தெரிஞ்சுதானே கட்டிலைக் கேட்டே?"

தாலம்மா போர்வையைப் பார்த்தபடி பேசினாள். "மூணாவதும் அடைச்சா நான் போய்ச் சேந்துடுவேன். என் பொண்ணை யாரு பாப்பா? மருந்தைக் கேட்டிருந்தா நீ குடுத்திருக்க மாட்டியா?"

"குடுத்திருப்பேன்டி. அதான் ஆறமாட்டேங்குது. நீ மருந்தைக் கேக்கல. காத்தைக் கேட்ட. நானும் தலையணை தட்டிக் குடுத்தேன்."

டாக்டரம்மா சுற்றி வந்துகொண்டிருந்தவர் காமேசுவிடம் நின்றார். "நல்லா இருந்த குழாய் திடீர்னு ஏன் அடைச்சுதுன்னு புரியலம்மா. ஏதாவது மாறிச்சா?"

சொன்னால் தாலம்மாவுக்கு அந்த மருந்து நின்றுபோகும். தாலம்மாவின் கை நீண்டு காமேசுவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது. காமேசு அந்த விரல்களை மெல்லப் பிரித்துவிட்டாள்.

"கட்டில் மாறிச்சு டாக்டரம்மா. என் மருந்து இந்தத் தாலம்மாவுக்குப் போய்க்கிட்டிருக்கு."

நேஸ்தம் கட்டின நாளிலிருந்து அந்தப் பேர் அவள் வாயில் வந்ததே இல்லை. அதைக் கேட்ட பிறகுதான் தாலம்மா அழ ஆரம்பித்தாள்.